மூன்றுக்குப் பதில் தொண்ணூற்றொன்பது

ஜூன் 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன் என்றால் காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரியும். போனில் பேசாதே, மெயில் போடாதே, எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பேனாவும் பேப்பரும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

மே 27 மின்தடையைச் செய்தியில் பார்த்திருப்பாய். அன்றைக்கு மின்கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறுப்பு என்னுடையது. மாலை நான்கு மணிக்கே புயல் எச்சரிக்கை வந்தது. ஐந்து நாற்பதுக்கு மலை லைனில் இடி விழுந்து வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து எழுந்தது. அரை நிமிடத்தில் இன்னொரு லைன். அதுவும் எழுந்தது. மூன்றாவது விழுந்ததும் மலையில் இருந்த காற்றாலைகள் இருநூற்றுப் பத்தும் ஒரே நேரத்தில் கையை விரித்துவிட்டன. திரையில் தொள்ளாயிரம் மெகாவாட் என்று இருந்த எண் பூஜ்யமாக ஒரு விநாடிகூட ஆகவில்லை. பிறகு மற்ற லைன்கள் பாரம் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

ஏழு மணி நேரம் நகரம் முழுக்க இருட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் நான்காம் மாடிக்கு மாற்றிக் கொடுக்கும் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டது. அங்கே சுவாசக் கருவியில் இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவருக்கு அறுபது வயது. இன்னொருத்திக்கு இருபத்துநான்கு.

என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். விசாரணைக் குழுவின் கேள்வி ஒன்றுதான்: புயல் என்று தெரிந்தும் மலையிலிருந்து ஏன் முழு மின்சாரத்தையும் வாங்கிக்கொண்டிருந்தாய்? முன்பெல்லாம் புயல் என்றால் பாதிதான் வாங்குவோம். அந்தப் பாதி விதியை எடுத்துவிட்டது உங்கள் ஆய்வகத்தின் ரிப்போர்ட். 'தொடர்ந்து ஆறு முறை வோல்டேஜ் விழுந்தாலும் இந்தக் காற்றாலைகள் இணைப்பிலேயே நிற்கும்.' பக்கம் முப்பத்தொன்று. கீழே உன் கையெழுத்து.

ஆறு என்று எழுதியிருக்கிறாய். மூன்றில் போய்விட்டன. காற்றாலைக் கம்பெனியோ 'எங்கள் இயந்திரம் சரியாகத்தான் நடந்துகொண்டது' என்று ஒரே வரியில் பதில் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது.

பழைய சோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்துச் சொல். அக்கா தம்பி என்ற முறையில் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் கேட்கிறேன்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். 'அக்கா தம்பி என்ற முறையில் கேட்கவில்லை' என்ற வரியைத்தான் அதிலும் அதிகம் படித்தேன். நல்லா எழுதுகிறாய். அம்மா போன அன்றைக்கு வாசலில் வைத்து, "எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நிக்கிறான் பாரு, பெரிய வேலைக்காரன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாயே, அதைவிட இது கொஞ்சம் மரியாதையாகவே இருக்கிறது.

அந்த இரண்டு பேரைப் பற்றிப் படித்தேன். வேதனையாக இருக்கிறது. ஆனால் எங்கள் ரிப்போர்ட்டில் தப்பு இல்லை.

உன் வக்கீலுக்கும் புரியும்படி எழுதுகிறேன். காற்றாலையின் மூளையாக இருக்கும் கண்ட்ரோலர் பெட்டியை, நிஜப் பெட்டியையே, எங்கள் அறைக்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். இறக்கை இருக்காது, கோபுரம் இருக்காது, காற்றும் இருக்காது. அதெல்லாம் இருப்பதாக ஒரு சிமுலேட்டர் அதை நம்ப வைக்கும். காற்று இவ்வளவு, இறக்கை இந்த வேகம், லைனில் வோல்டேஜ் இவ்வளவு என்று ஒரு விநாடியை இருபதாயிரம் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டு முடிவதற்குள்ளும் கணக்கைப் போட்டுப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு தவறினாலும் சோதனை செல்லாது. பெட்டி தான் மலை உச்சியில் புயலுக்கு நடுவே நிற்பதாக நினைத்துக்கொண்டு பதில் கொடுக்கும். நிஜ மலையில் செய்தால் ஊரே இருண்டுபோகும் சோதனைகளை நாங்கள் ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டே செய்வோம்.

இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. நிஜப் பெட்டி, நிஜ நேரம். நூற்றெண்பது சோதனை ஓட்டினேன். ஆறு தடவை தொடர்ந்து விழவைத்ததையும் நானே பார்த்தேன். மாப்பிள்ளை அசையாமல் நின்றார். அந்தப் பெட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று கோவித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சமாதானம் செய்து எழுப்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எங்கள் இயக்குநர் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

உங்கள் ஊர் லைன்களைப் பாருங்கள். மலையில் கம்பெனிக்காரர்கள் ஏதாவது மாற்றியிருப்பார்கள். இங்கே தேடாதே.

உன் தம்பி

*

ஜூன் 22

தம்பி,

ஒரே கேள்வி. மாப்பிள்ளை எதற்குக் கோவித்துக்கொள்வார்? எத்தனை தடவைக்கு ஒருமுறை?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் இயந்திரங்களின் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த இயந்திரமும் சும்மா கோவித்துக்கொள்ளாது. முதல் தடவை தாங்கி, இரண்டாவது தடவை தாங்கி, மூன்றாவதில் இருநூற்றுப் பத்தும் ஒரே கணத்தில் போனது என்றால் உள்ளே எதுவோ எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. உங்கள் அறையிலும் அது எண்ணியிருக்க வேண்டும். நூற்றெண்பது சோதனையில் எத்தனை பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தாய்? பதிவில் நேரம் இருக்கும். போய்ப் பார்.

ஜூலை 20 எனக்கு விசாரணை.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

போய்ப் பார்க்கவே வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே தெரியும். எட்டு நாளாக எப்படி எழுதுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

பெட்டிக்குள் ஓர் எண் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் வோல்டேஜ் எத்தனை முறை விழுந்தால் காற்றாலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகிவிட வேண்டும் என்கிற எண். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது மூன்று. கியருக்கு அடி விழாமல் இருக்கக் கம்பெனி வைத்தது. மலையில் இருக்கும் இருநூற்றுப் பத்திலும் மூன்றுதான்.

எங்கள் அறையில் சோதனை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒவ்வொரு மூன்றாவது சோதனைக்கும் பெட்டி விலகிக்கொள்ளும். அதுதான் மாப்பிள்ளையின் கோபம். நூற்றெண்பது சோதனைக்கு அறுபது கோபம், பன்னிரண்டு மணி நேரம். இதையெல்லாம் ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அதைத் தொல்லை என்று நினைத்தோம். வேடிக்கைக்குப் பெயர் வைத்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் நீ போன் செய்தாய். "அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்காங்கடா. கிளம்பி வா." இயக்குநரிடம் போய் நின்றேன். "முடிச்சுக் கொடுத்துட்டுப் போப்பா, நாளைக்கு ரிப்போர்ட் போகணும்" என்றார். பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தால் மாலை ரயில் கிடைக்காது. மூன்றை அழித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ரயிலில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். எண்ணை மாற்றியதை எழுதவில்லை. அப்போது மனசிலேயே இல்லை, அது சத்தியம். பாதி வழியில் இருக்கும்போது அம்மா போயாச்சு என்று நீ போன் செய்தாய்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு சோதனைக்குப் பெட்டியைத் திறந்தபோது தொண்ணூற்றொன்பதைப் பார்த்தேன். அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அரை மணிக்குள் மூன்று தடவை விழுகிற புயல் எங்கே வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டேன். மூன்று என்று திருப்பிப் போட்டுவிட்டு மூடிவிட்டேன். ரிப்போர்ட்டை ஒன்றும் செய்யவில்லை. அக்கா, இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நேற்று இயக்குநரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "நீயா வாயைத் திறக்காத வரைக்கும் இது இந்த ரூமுக்குள்ளதான் இருக்கும்" என்றார். வீட்டில் அவளுக்கு இது ஏழாம் மாதம். அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது. நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தம்பி

*

ஜூலை 6

தம்பி,

எது செய்தாலும் சம்மதமாம். செய்ததெல்லாம் செய்துவிட்டு முடிவை என் தலையில் கட்டுகிறாய். சின்ன வயசில் பாத்திரத்தை உடைத்துவிட்டு என் பின்னால் வந்து ஒளிவாயே, அதே புத்தி.

முந்தாநாள் அந்த இருபத்துநான்கு வயசுப் பெண்ணின் கணவன் என் வீட்டுக்கு வந்தான். அடிக்க வந்தான் என்றுதான் நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "மேடம், அன்னைக்கு உங்களால என்ன செஞ்சிருக்க முடியும்னு மட்டும் சொல்லுங்க. நான் வேற எதுவும் கேக்கலை" என்றான். உன் கடிதம் அவன் பக்கத்திலிருந்த மேசையில் தட்டுக்குக் கீழே இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

உன் கடிதத்தை நான் குழுவிடம் கொடுக்க மாட்டேன். நீயே எழுது. இருபதாம் தேதிக்குள் குழுவுக்கு உன் கையால் எழுது. என்னைக் காப்பாற்ற இல்லை. இப்போதைக்குப் பாதி விதியைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை. தப்பு ரிப்போர்ட்டில் இல்லை, மனுஷியிடம்தான் என்று முடிந்தால் அந்த விதி போய்விடும். அதற்குப் பிறகு ஒரு புயல் வந்தால் மறுபடியும் மூன்று வரை எண்ணிவிட்டு மலை போய்விடும். புரிகிறதா உனக்கு?

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

எழுதிவிட்டேன். தபாலில் போடவில்லை. இரண்டு தடவை தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இயக்குநர் ஒரு வழி சொல்கிறார். சத்தமில்லாமல் எல்லாச் சோதனையையும் மறுபடி ஓட்டி, 'கூடுதல் ஆய்வு' என்று செப்டம்பர் நடுவில் ஒரு திருத்தம் அனுப்பிவிடலாம் என்கிறார். அதில் மூன்று என்று தெளிவாக இருக்கும். பாதி விதி நிரந்தரமாக வந்துவிடும். யார் பெயரும் கெடாது. இரண்டு மாதம்தான். பெரிய புயல்கள் மே மாதத்தோடு முடிந்துவிட்டன என்று வானிலைக்காரர்களே சொல்கிறார்கள்.

நீ பொறுப்பை ஏற்றுக்கொள் என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னால் போதும்.

நான் வேலைக்குச் சோம்பல்பட்டு அந்த எண்ணை மாற்றவில்லை. அம்மா என்னைக் கேட்கிறார்கள் என்று நீ சொன்னதால்தான் மாற்றினேன். கடைசியாக அவர்கள் கேட்டது என்னை. அந்த ஒரு ரயிலைப் பிடிக்கத்தான் இத்தனையும். அதை நீயாவது நினைத்துப் பார்.

தம்பி

*

ஜூலை 24

தம்பி,

விசாரணை முடிந்தது. நீ கேட்டதைவிட அதிகமாகவே செய்துவிட்டேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மரியாதையானவர்தான். "ரிப்போர்ட் என்ன சொன்னாலும், எச்சரிக்கை வந்த பிறகு குறைக்க உங்களுக்கு அதிகாரம் இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "ஏன் குறைக்கலை?" என் கணிப்பு தவறு என்றேன். வக்கீல் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. ரிப்போர்ட்டில் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

ஏன் என்று நினைப்பாய். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அம்மா உன்னைக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே நினைவு தப்பிவிட்டது. யாரையும் கேட்கவில்லை, யாரையும் தெரியவில்லை. நான் ஒருத்தியே மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக்கும் ஷிப்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நீ 'வேலை முடியட்டும், வேலை முடியட்டும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்கு ஆத்திரம். அப்படிச் சொன்னால்தான் அசைவாய் என்று சொன்னேன். அந்தப் பொய் இல்லாவிட்டால் நீ நிதானமாகப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒழுங்காகச் சோதனை செய்திருப்பாய். இதை எந்தக் குழுவிடம் போய்ச் சொல்வது? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான் என்று தோன்றியது.

வேலை போய்விட்டது. பாதி விதியையும் நேற்றோடு எடுத்துவிட்டார்கள். இப்போது என் இடத்தில் இருப்பவர் எனக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தவர், நாங்கள் கணக்கு வாத்தியார் என்று கூப்பிடுவோம். அவருக்குத் தெருமுனை டீக்கடையில் வைத்துச் சொன்னேன்: "காத்து வேகமா அடிச்சா மலையிலேருந்து பாதிக்கு மேல வாங்காதீங்க." ஏன் என்றார். சும்மா, என் மனசுக்குத் தோணுது என்றேன். "எழுத்துல இல்லாம எப்படிம்மா குறைக்கிறது? என்னைக் கேப்பாங்களே" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

செப்டம்பர் என்று சொன்னாய். ஆகஸ்டாக இருக்கும்படி பார்.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அம்மா என்னைக் கேட்டார்கள் என்கிற ஒன்றை வைத்துக்கொண்டுதான் பதினாறு மாதத்தை ஓட்டினேன். அதையும் பிடுங்கிக்கொண்டாய். பிறகு, நீ எனக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய் என்பது ஞாபகம் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், திட்டு. விசாரணை முடிந்தது என்று படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

சோதனைகளை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டேன். இப்போது மூன்றைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நிமிடம் கைகட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். இயக்குநர் நடுவில் வேறு வேலை கொடுத்துவிட்டார், அதனால் அக்டோபர் ஆகலாம். கோவித்துக்கொள்ளாதே. எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள், டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்றரை மாதம் முந்தியே. எடை குறைவு, ஆனால் நன்றாக இருக்கிறாள்.

தம்பி

*

ஆகஸ்ட் 28

தம்பி,

குழந்தையும் உன் மனைவியும் சுகமாக இருக்கட்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி எழுதப் போவதில் அதற்கு இடம் இருக்காது.

பத்தொன்பதாம் தேதி மதியம் வந்தது பெரிய புயல்கூட இல்லை. செய்தியில் இரண்டே வரி போட்டார்கள். மலை லைனில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் மூன்று தடவை. முழு மின்சாரமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நகரம் முழுவதும் போகவில்லை, தெற்குப் பகுதி மட்டும், நாற்பது நிமிடம். கழிவுநீர் ஏற்றும் நிலையத்தில் கிணற்றுக்குள் ஒரு வெல்டர் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். மேலிருந்து காற்று அனுப்பும் விசிறி நின்றுபோனது. கூட இருந்தவன் ஏணியில் பாதி தூரம் வந்துவிட்டான். வெல்டர் வரவில்லை. முப்பத்தொரு வயசு. கயிறு இடுப்பில்தான் கட்டியிருந்தது. இழுக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் இல்லை, கையால் இழுக்கப் பதினேழு நிமிடம் ஆனது.

கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். நல்ல மனுஷன், மறைக்கத் தெரியாது. "முன்னாடி இருந்த மேடம் பாதிக்கு மேல வாங்காதேன்னு ஒருநாள் சொன்னாங்க. காரணம் சொல்லலை. எழுத்துல இல்லாததால நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு அழுதாராம். நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். அதே ஐந்து பேர், அதே மேசை. தலைவர் இந்தத் தடவை மரியாதையாகப் பேசவில்லை. "மூணாவது தடவைல போயிடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

ஜூலை முதல் வாரத்திலிருந்து தெரியும் என்றேன். பையிலிருந்து உன் நான்கு கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

நான் உனக்கு எழுதியவை உன்னிடம் இருக்கின்றன. அவற்றையும் கேட்கிறார்கள். கிழித்துப் போட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றும், அதுவும் எனக்காகத் தோன்றும். ஜூலை 24 கடிதத்தை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று நினைப்பாய். ஒன்றைக்கூட எடுக்காதே. எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டு வா. ஆய்வகப் பதிவையும் கொண்டு வா. உன்னை வரச்சொல்லி அவர்களுடைய ஓலை வருவதற்கு முன்னால் நீயாக வந்து நில்.

பாதி விதியை நேற்று மாலையே போட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தலைவர் போனை எடுத்து ஒரே வாக்கியம் சொன்னார், முடிந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது. ஜூலை இருபதாம் தேதியும் அவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வக்கீல்தான் கையைப் பிடித்து எழுப்பினார். நம் இருவர் பெயரும் வரும், ஆனால் அந்த வெல்டர் விஷயத்தில் என் பெயர்தான் முதலில் வரும் என்கிறார். சரி என்று சொன்னேன்.

பயப்படாதே என்று எழுத வந்தது. இவ்வளவு வருஷமும் உனக்கு அதைத்தானே சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சொல்ல மாட்டேன். பயப்படு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா